ஆல்பனி ஒன்றியத் திட்டம்

வட அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களைப் பொது அரசு ஒன்றின்கீழ் கொண்டுவர 1754-இல் முன்வைக்கப்பட்ட திட்டம். நியூயார்க் குடியேற்றத்தின் ஆல்பனி நகரில் ஏழு குடியேற்றங்களின் பேராளர்கள் கூடி, ஜூலை 10 அன்று இதை ஏற்றனர். வரைவில் பெரும்பங்கு பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. பிரெஞ்சுக்காரருடன் போர் மூண்டிருந்த நேரம் அது.

திட்டப்படி, பொது அரசுக்கு மன்னர் நியமிக்கும் தலைவர் ஒருவர். குடியேற்றச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் 48 உறுப்பினர் கொண்ட பேரவை. மாசச்சூசெட்சுக்கும் வர்ஜீனியாவுக்கும் தலா 7 இடங்கள், ரோட் ஐலண்டுக்கு 2 மட்டுமே. படை திரட்டவும் பழங்குடிகளோடு உடன்படிக்கை செய்யவும் வரி விதிக்கவும் இந்த அரசுக்கு அதிகாரம் உண்டு. சிக்கலே அந்த வரியில்தான். தம் பணப்பையைப் பிறர் கையில் கொடுக்க எந்தச் சட்டமன்றமும் இசையவில்லை. லண்டனும் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. மன்னரின் கை ஓங்குவதாகக் குடியேற்றங்களும், மக்களின் கை ஓங்குவதாக இங்கிலாந்தும் கருதியதாகப் பிராங்க்ளின் பின்னாளில் எழுதினார்.