கிணற்றடியில் ஏழு குரல்கள்: ஓர் இசைத்தட்டைத் தேடி

சேலம் மாவட்டம் ஆத்தூரில் பழைய இசைத்தட்டுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் விசேஷங்களுக்கு ரேடியோ செட் கட்டிப் பிழைத்த முதியவர் ஒருவர் சொன்னார்: “நல்லதங்காள் தட்டு ஒண்ணு இருந்துச்சு தம்பி. புள்ளைங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து அழுதுகிட்டே பாடும். நடுநடுவுல பேச்சும் வரும். பொழுது சாஞ்சா அதைப் போடாதீங்கன்னு பொம்பளைங்க சொல்லிப்புடுவாங்க.”

பாடியவர் பெயரோ கம்பெனியோ அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் சொன்னதில் மூன்று தடயங்கள் இருந்தன. கதை நல்லதங்காள். பாடியது பிள்ளைகள் கூட்டம். பாட்டோடு வசனமும் உண்டு. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன்.

முதலில் கதை. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட நல்லதங்காள், பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அவமானமும் பசியும் தாளாமல் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். மூத்தவன் மட்டும் உயிர்ப்பிச்சை கேட்டு ஓடுகிறான். அவனையும் இழுத்து வந்து தள்ளுகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. அந்தக் கிணறு என்று ஓர் இடத்தையும் காட்டுகிறார்கள்.

தெற்கத்திக் கதை சேலத்துச் சமவெளியில் ஏன் இத்தனை அச்சத்தோடு வேர் பிடித்தது? விடை மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. 1871இல் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1881இல், ஏறத்தாழ 16 லட்சம் பேர்தான். இடையில் வந்தது 1876–78இன் தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அடங்கியிருந்தன. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குறைந்துபோன மண்ணில், பசியால் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய தாயின் கதை வெறும் கட்டுக்கதையாகக் கேட்டிருக்காது. அந்தத் தட்டில் ஒலித்த பயம் பேயைப் பற்றிய பயமல்ல. பாட்டியும் பூட்டியும் பார்த்த பஞ்சத்தின் நினைவு அது.

பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற ‘நல்லதங்காள் கதை’யைக் கையில் எடுத்தால், அது உரக்கப் பாடிக் கேட்க எழுதப்பட்டது என்பது முதல் பக்கத்திலேயே புரியும். ஒருவர் படிக்க, திண்ணை முழுக்கக் கேட்கும். ஆனால் அங்கே பாடுகிற குரல் ஒன்றுதான். ஏழு பிள்ளைகளுக்கும் தனித்தனிக் குரல் வேண்டுமென்றால் நாடக மேடைக்குத்தான் போக வேண்டும். என் தேடலும் அங்கேதான் திரும்பியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடகம் சிறுவர்களின் தோள்மீது நின்றது. பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட பாலர் சபைகளில் ஐந்து, ஆறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.கே.சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

சுவாமிகள் நடிப்பை விட்டு ஆசிரியரானதற்கு நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் காரணம் ஒன்று உண்டு. அவர் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேடம் கட்டியபோது, அந்தக் கோலத்தைக் கண்டு பயந்த பெண்களுக்கு நேர்ந்த துயரம் அவரை உலுக்கிவிட்டதாம். இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்த அவர், பின்னாளில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் இறங்கினார்.

அந்தப் பிள்ளைகள் கற்றதில் மரணம் நிறைய இருந்தது. மயானத்தில் தாய் மடியில் கிடக்கும் லோகிதாசன், சக்கர வியூகத்தில் மடியும் அபிமன்யு, கிணற்றடியில் நல்லதங்காளின் மக்கள். தமிழ் மேடையில் குழந்தைக் குரலுக்கு இருந்த பெரிய வேலையே சாவைப் பாடுவதுதான். அதுவும் மகரக்கட்டு உடையும்வரை மட்டுமே. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்துவிட்டால் பலருக்குப் பாட்டும் போய்விடும், வேடமும் போய்விடும்.

ஏழு பிள்ளைகளாக நடித்த எத்தனையோ பேரில் ஒருவரின் பெயர் நமக்கு நன்றாகத் தெரியும். 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள். ரயிலில் பாடிக்கொண்டிருந்த அந்தச் சிறுமியின் குரலை அடையாளம் கண்டவர் ரயில்வே அதிகாரியும் நாடக அன்பருமான எப்.ஜி.நடேசய்யர். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்த சுந்தராம்பாள், நல்லதங்காளின் மூத்த மகனாகப் பசியைப் பாடி மேடை ஏறினார். அவர் சுந்தராம்பாளாக உயர்ந்ததால் அந்த வேடம் வரலாற்றில் நின்றது. அவரைப் போல மேடையேறி, பின்னால் பெயரில்லாமல் போன பிள்ளைகளைத்தான் நான் தேடுகிறேன்.

அடுத்தது ஒலிப்பதிவு. 1925க்கு முன் மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய குழாயின் வாய்க்கு நேரே நின்று பாட, அந்தக் காற்றின் அசைவே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறும். உரத்த தனிக்குரல் பதியும், பத்துப் பிள்ளைகள் கூடிப் பாடினால் பின்னால் நிற்பவர் குரல் கரைந்துபோகும். மின்முறை வந்த பிறகுதான் கூட்டுக்குரலைத் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. ஆகவே முதியவர் கேட்ட தட்டு 1920களின் பிற்பகுதிக்குப் பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதியும். முழு நாடகத்தைப் பதிவதென்றால் பல தட்டுகள் கொண்ட ‘செட்’ ஆகத்தான் வெளியிட முடியும்.

சினிமாப் பாட்டாக இருக்குமோ என்றும் பார்த்தேன். இங்கே சேலமே குறுக்கே வருகிறது. டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைக் கட்டுவதற்கு முன் பங்குதாரராக இருந்த ஏஞ்சல் பிலிம்ஸ் 1935இல் எடுத்த படங்களில் ஒன்று ‘நல்லதங்காள்’. பின்னணிப் பாடல் முறை வராத காலம் அது. நடித்தவர்களே படப்பிடிப்பில் பாட வேண்டும். அப்படியானால் அந்தப் படத்தின் பிள்ளைகளும் சொந்தக் குரலில்தான் பாடியிருப்பார்கள். ஆனால் அதைப் பார்த்து உறுதிசெய்வது எளிதல்ல; 1940க்கு முந்தைய தமிழ்ப் படங்களில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1950இல் மலையாளத்திலும் 1955இல் தமிழிலும் இதே கதை மீண்டும் படமானது.

இருந்தாலும் முதியவரின் மூன்றாவது தடயம் சினிமாத் தட்டுக்குப் பொருந்தவில்லை. அந்தக் காலத்துப் படத் தட்டுகளில் பெரும்பாலும் பாட்டுத்தான் இருக்கும். பாட்டும் பேச்சும் கலந்து வருவது நாடக செட்டின் இயல்பு. ஆகவே அவர் கேட்டது 1930களின் நாடகத் தட்டு என்பதே என் கணிப்பு. புதுப் படப் பாட்டுகளோடு பழைய நாடகத் தட்டுகளும் ரேடியோ செட்காரர்களின் பெட்டிகளில் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தன.

இத்தனை காலம் கழித்து அப்படியொன்று கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கனடாவின் லாங்லி என்ற ஊரகப் பகுதியில் ஹான்ஸ் பெங்கர் என்ற இசை ஆசிரியர், 1976, 1977 ஆண்டுகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பாடவைத்துப் பதிவு செய்தார். தட்டுகள் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மட்டுமே சில நூறு பிரதிகள் போடப்பட்டன. 2000ஆம் ஆண்டு ஒரு சேகரிப்பாளர் பழைய பொருள் கடையில் அவற்றில் ஒன்றைக் கண்டெடுத்தார். 2001இல் அது மறுவெளியீடாக வந்தபோது, அந்தப் பிள்ளைகளின் கூட்டுக்குரலில் இருந்த துயரம் உலகத்தையே நின்று கேட்கவைத்தது. அந்தத் தட்டு பிழைத்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் அதை உடைத்துப் போடாமல் கடைக்குக் கொடுத்ததுதான்.

நம் பக்கம் இப்போது வேண்டியதும் அதுதான். ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடி, ராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் ரேடியோ செட் வைத்திருந்த குடும்பங்களும், பழைய நாடகக் கம்பெனிக்காரர்களின் வாரிசுகளும் பரணில் இருக்கும் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அரக்குத் தட்டு எளிதில் நொறுங்கும். படுக்கை வசமாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாமல் பாருங்கள், கிராமபோன் ஊசியில் போட்டுப் பார்க்க வேண்டாம். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தையும், அதையொட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுங்கள். நாடகப் பாட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாளில் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. இப்படிப்பட்டவற்றைப் பாதுகாக்கும் இடம் அது. பஞ்சத்தில் செத்த பிள்ளைகளுக்காகப் பாடிய பிள்ளைகளின் குரலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.