கணையத்தில் ஒரு பட்டாணியைத் தேடி

என் பெரியம்மாவுக்கு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார். வலிப்பு என்று நினைத்து இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டார். கடைசியில் தெரிந்தது, இன்சுலினோமா: கணையத்தில் உட்கார்ந்துகொண்டு, வேண்டாத நேரத்திலும் இன்சுலினைச் சுரக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. நோய் தெரிந்த பிறகும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன். "படமா எடுத்துத் தள்ளுறாங்களே தம்பி, எப்பத்தான் ஆபரேஷன்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். பதில் தேடிப் போனால், கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை.

1920களின் தொடக்கத்தில் டொராண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறகுதான், அது மிஞ்சினால் என்ன ஆகும் என்பதும் புரிந்தது. 1927-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நோயாளியே ஒரு மருத்துவர். வில்லியம் மேயோ வயிற்றைத் திறந்து பார்த்தபோது, கணையக் கட்டி கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அந்தக் கட்டியின் சாற்றை முயல்களுக்குச் செலுத்தினால் அவற்றின் ரத்தச் சர்க்கரை இறங்கியது. காரணம் புரிந்தது, ஆனால் நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. 1929-இல் டொராண்டோவில் ராஸ்கோ கிரஹாம் இப்படியொரு கட்டியை எடுத்து ஒரு பெண்ணைக் குணப்படுத்தினார்.

இதிலிருந்துதான் நிஜமான சிக்கல் ஆரம்பம். கணையம் சுமார் 15 செ.மீ. நீளம். கட்டி பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் குறைவு, சில சமயம் ஒரு பட்டாணி அளவுதான். அறுவை மருத்துவர் விரலால் தடவித் தேட வேண்டும். கிடைக்காவிட்டால்? வால் பக்கத்திலிருந்து கணையத்தை உத்தேசமாக வெட்டி எடுப்பார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பக் எந்த வரியில் என்று தெரியாமல் பாதி ஃபைலை அழிப்பது மாதிரி. கட்டியோ தலை, உடல், வால் என எங்கேயும் இருக்கலாம். அதிகம் வெட்டினால் சர்க்கரை நோய், தப்பான இடத்தை வெட்டினால் பழைய மயக்கமே மிச்சம்.

ஆக, கேள்வி 'எங்கே' என்பது மட்டும் இல்லை, 'எவ்வளவு வெட்டலாம்' என்பதும்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த விடை 1991-இல் ஜான் டாப்மன் குழு வெளியிட்டது. கணையத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் ஒவ்வொன்றாகக் கால்சியம் செலுத்துவார்கள். அதே சமயம் கல்லீரல் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து இன்சுலினை அளப்பார்கள். எந்தத் தமனியில் செலுத்தியபோது அளவு துள்ளுகிறதோ, கட்டி அந்தத் தமனியின் எல்லைக்குள் இருக்கிறது. சுத்தமான டீபக்கிங்!

இன்னொரு பாதை நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1989-இல் திறந்தது. எரிக் கிரென்னிங் குழுவினர் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்தோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்துச் செலுத்தினார்கள். அது நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, படத்தில் புள்ளியாகத் தெரிந்தது. ஆனால் இன்சுலினோமாவில் அந்த ஏற்பிகள் பெரும்பாலும் குறைவு. அதனால் இந்த ஸ்கேனுக்குப் பல இன்சுலினோமாக்கள் அகப்படவில்லை.

கைகொடுத்தது ஒரு பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியிலிருந்து, 1992-இல் ஜான் எங் எக்ஸெண்டின்-4 என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அது ஒட்டுவது ஜி.எல்.பி-1 ஏற்பியில். இன்சுலினோமாவில் அந்த ஏற்பி ஏராளம். 2008-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரக் குழு, மற்ற ஸ்கேன்களுக்கு அகப்படாத கட்டிகளை இதை வைத்துப் பிடித்துக் காட்டியது. பரவும் தன்மையுள்ள இன்சுலினோமாவில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். அங்கே பழைய ஆக்ட்ரியோடைடு வழிதான் உதவும். ஒரே ஸ்கேனோடு ஏன் நிறுத்துவதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

பெரியம்மாவின் கட்டி கணையத்தின் தலையில் இருந்தது. கணையக் குழாயிலிருந்து தள்ளி இருப்பதும் படத்தில் தெரிந்ததால், அதை மட்டும் தோண்டி எடுத்தார்கள். 1950-இல் என்றால் வாலை வெட்டித் தைத்து அனுப்பியிருப்பார்கள். கட்டி உள்ளேயே இருந்திருக்கும்.

இப்போது விடியற்காலையில் எழுந்து அவரே காபி போடுகிறார். சர்க்கரை அரை ஸ்பூன்தான்.