பெர்த் – கொக்கல: இரண்டு சூரிய உதயம்

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் தளங்கள் நிறைய இருக்கு. பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான்: பெருவட்ட தூரத்தை மணிக்கு 800, 850 கி.மீ. என்று ஒரு வேகத்தால் வகுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரிக்கும் நானே ஹாவர்சைன் சூத்திரத்தில் கணக்கு போட்டேன். 5,650 கி.மீ. ஜெட் விமானம் என்றால் ஏழு மணி நேரத்துக்குள்.

1943-ல் இதே தூரத்துக்கு 27 முதல் 32 மணி நேரம் ஆச்சு. நடுவில் எங்கும் இறங்காமல்!

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும், இங்கிலாந்து – ஆஸ்திரேலியா விமானப் பாதை நடுவில் அறுந்து போச்சு. அந்தமானும் சுமத்ராவும்கூட ஜப்பான் கையில். மிச்சம் இருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டும்தான். கொக்கலயில் ஏற்கெனவே பிரிட்டிஷ் விமானப்படையின் கடல் விமானத் தளம் இருந்தது. (1942 ஏப்ரலில் கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பல்படையை முதலில் பார்த்துச் சொன்ன கனடா விமானி லியோனார்ட் பர்ச்சால் கிளம்பியதும் இங்கிருந்துதான். அது தனிக் கதை.)

1943 ஜூன் 29-ல் குவாண்டாஸ் இந்தப் பாதையைத் தொடங்கியது. மொத்தம் ஐந்து கேட்டலினா கடல் விமானங்கள். பெர்த்தின் சுவான் ஆற்றுத் தண்ணீரில் ஓடிக் கிளம்பி, கொக்கல ஏரியில் இறங்கும். இவ்வளவு தூரம் போகணும்னா எடை முழுக்க எரிபொருளுக்கே போயிடும். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டார்கள். பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர், கூடவே 69 கிலோ தபால். அவ்வளவுதான்.

ரேடியோவில் பேசக்கூடாது, பேசினால் எதிரிக்கு இடம் தெரிஞ்சிடும். அதனால் நட்சத்திரங்களை அளந்துதான் வழி கண்டுபிடிக்கணும். விமானங்களின் பெயர்களே ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்ப்பதால், பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதய ரகசிய அணி' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது இதில் உள்ள காற்றுக் கணக்கு. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். கேட்டலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ. என்று வைத்தால் காற்றில்லாத நாளில் 28 மணி ஆகும். எதிர்க்காற்று வெறும் 25 கி.மீ. இருந்தாலே 32 மணிக்கு மேல் போயிடும். அதே காற்று இன்றைய ஜெட்டுக்குத் தருவது 12 நிமிடத் தாமதம். நமக்கு அது காபி குடிக்கிற நேரம். அவர்களுக்கு அது தொட்டியில் மிச்சம் இருக்கும் எரிபொருள். கீழே எங்கு பார்த்தாலும் கடல், உதவி கேட்க ரேடியோவும் இல்லை.

1945 ஜூலை 18-ல் கடைசிப் பயணம். அதுவரை 271 முறை கடந்திருக்கிறார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்த ஐந்து விமானங்களும் அமெரிக்கா போர்க்கால ஒப்பந்தத்தில் கொடுத்தவை. போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி அவற்றை வைத்துக்கொள்ள முடியாது. ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.