மரணதண்டனையும் கவுண்டியின் எல்லையும்

மரணதண்டனை தகுமா தகாதா என்னும் பழைய தர்க்கத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, அதனைச் சட்டத்தில் நிலைநிறுத்தியிருக்கும் ஒரு தேசம் அதனை யார்மீது, எவ்விடத்தில் பிரயோகிக்கிறது என்று மட்டும் நோக்கினாலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் நீதிசாஸ்திரத்துக்குக் கடினமானதொரு பிரச்சினையை எழுப்புகிறது. 1972-இல், ஃபர்மன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே அபிப்பிராயம் எழுத, ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில், அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு மரணதண்டனையை அன்றிருந்த முறையில் விதிப்பது செல்லாதென்றது. தண்டனை விதிப்போரின் கட்டற்ற யதேச்சையே அதற்குப் பிரதான காரணம். 1976-இல், கிரெக் வழக்கில், ஜார்ஜியா மாகாணத்தின் திருத்திய சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றது: குற்றத்துக்கு ஒரு விசாரணை, தண்டனைக்கு வேறொரு விசாரணை, குற்றத்தைக் கொடிதாக்கும் சந்தர்ப்பங்களின் ஜாபிதா, ஒத்த வழக்குகளோடு ஒப்பிடும் மேல்நீதிமன்றப் பரிசீலனை. இவ்வளவு செய்தவர்கள் ஜூரியின் கையைக் கட்டினார்களேயன்றி, எந்தக் கொலைக்கு மரணதண்டனை கோருவதென்று தீர்மானிக்கும் ஜில்லா அட்டர்னியின் கையைத் தொடவில்லை.

அவரோ பெரும்பாலான மாகாணங்களில் உள்ளூர் வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்படுபவர்; தமது தீர்மானத்துக்கு அவர் பொதுவாகக் காரணம் எழுத வேண்டியதில்லை. வழக்கின் செலவு பெரும்பாலும் மாகாணத்தின் உட்பிரிவான கவுண்டியின் கஜானாவைச் சார்வதால், வறிய சிறு கவுண்டி தயங்கும் வழக்கைச் செல்வம் மிக்க பெருங்கவுண்டி தயங்காமல் நடத்துகிறது. ஹூஸ்டன் நகரத்தைக் கொண்ட ஹாரிஸ் கவுண்டியில் 1979 முதல் 2000 வரை ஜானி ஹோம்ஸ் என்பவர் ஜில்லா அட்டர்னி பதவி வகித்தார். 1976-க்குப் பின் அவ்வொரு கவுண்டியின் வழக்குகளில் நிறைவேறிய மரணதண்டனைகள், வர்ஜீனியா மாகாணம் 2021-இல் அத்தண்டனையை ஒழிக்கும்வரை நிறைவேற்றிய 113-ஐயும் விஞ்சிவிட்டன. நாட்டிலுள்ள 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றிலிருந்தோ, இக்காலத்தில் ஒருவர்கூட அவ்வாறு உயிரிழக்கவில்லை. ஹூஸ்டன் பெருநகரம், அங்கே கொலைகளும் மிகுதி என்பது மெய்யே. எனினும் பெருநகரங்கள் வேறு பலவும் உண்டு.

இடத்தைப்போலவே இனமும் இதில் குறுக்கிடுகிறது. 1987-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த மெக்கிளெஸ்கி வழக்கில் காட்டப்பட்ட பால்டஸ் ஆய்வை மேற்கோள் காட்டுவோர், வெள்ளையரைக் கொன்றவர்க்கு மரணதண்டனை நேரும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவர்க்கு உள்ளதுபோல் 4.3 மடங்கு என்ற முடிவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். என் மதிப்பில் அதனினும் முக்கியமானது அவ்வாய்வின் வேறொரு பகுதி. ஜார்ஜியாவில், கறுப்பர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் 70 சதவீதத்திலும், வெள்ளையர் வெள்ளையரைக் கொன்றவற்றில் 32 சதவீதத்திலும், கறுப்பர் கறுப்பரைக் கொன்றவற்றில் 15 சதவீதத்திலும் அரசு வக்கீல்கள் மரணதண்டனை கோரினர். அதாவது, ஜூரி ஆசனத்தில் அமருமுன்னரே பேதம் புகுந்துவிட்டது. தம் வழக்கிலேயே துவேஷ நோக்கம் இருந்ததென்று குற்றவாளி நிரூபிக்கவில்லை என்று கூறிப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுபெற்றபின் 1991-இல், அவ்வழக்கில் தம் வாக்கை மாற்றிக்கொள்ளவே விரும்புவதாகத் தம் சரித்திர ஆசிரியரிடம் சொன்னார்.

கவுண்டிக்குக் கவுண்டி தண்டனை வேறுபடுதல் ஸ்தல சுயாட்சியின் இயல்பே என்பர் சிலர். சாலைக்கும் வரிக்கும் அது பொருந்தும். கொலைச் சட்டமோ மாகாணத்தினுடையது, உயிரை வாங்குவதும் மாகாணமே. ஆதலின் மரணதண்டனை கோரும் முடிவை எழுத்து மூலமான காரணங்களோடு, மாகாணம் முழுமைக்கும் பொதுவான ஒரு சபையின் அனுமதிக்கு உட்படுத்துவதே குறைந்தபட்சப் பரிகாரம். மத்திய அரசின் வழக்குகளில் மரணதண்டனை கோர அட்டர்னி ஜெனரலின் அனுமதி தேவை. ஆயினும் 2000-இல் நீதி இலாகாவே வெளியிட்ட கணக்கில் பிரதேச வேற்றுமை மறையவில்லை. அவ்வேற்றுமையை அவ்விலாகாவால் தன் ஏடுகளிலிருந்தே கணக்கிட முடிந்தது என்பதுதான், கவுண்டிகளில் இன்றும் இல்லாத வசதி.