மதில் சூழ்ந்த ஆலயங்கள்
(திரான்சில்வேனியக் குன்றுகளில் ஒரு மிதிவண்டிப் பாதையின் வரலாறு)

ஊருக்கு நடுவே ஆலயம், ஆலயத்தைச் சுற்றி மக்கள் என்பது உலகெங்கும் உள்ள கிறிஸ்தவ ஊர்களின் அமைப்பு. ஆனால் ஆபத்து வந்த நாளில் ஊர் முழுவதும் ஆலயத்துக்குள்ளேயே குடியேறிக் கதவடைத்துக்கொண்ட நாடு ஒன்று உண்டு. ருமேனியாவின் நடுவே, கார்பேத்தியன் மலைத்தொடர் வில்போல் வளைந்து காக்கும் திரான்சில்வேனியாதான் அது. மதிலும் காவற்கோபுரமும் கொண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர் யார், ஏன் கட்டினர், இன்று அவற்றைக் காப்பவர் யார் என்பதைச் சிறிது காண்போம்.

நிலமும் பாதையும்

இந்நாட்டைக் காண ஏற்ற வாகனம் மிதிவண்டி என்பர் அறிந்தோர். குன்றுகள் பெரிய உயரமல்ல. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மேடேறி, ஓக் மரக்காட்டையும் புல்வெளியையும் கடந்து மறுபுறம் இறங்கினால் அடுத்த ஊர் வந்துவிடும். அவ்வாறு இறங்கும்போது வீடுகளுக்கு முன்னதாகக் கண்ணில் படுவது ஆலயக் கோபுரமே. நீலமும் பச்சையும் மஞ்சளும் பூசிய வீடுகள் தெருவின் இருபுறமும் வரிசையாக நிற்க, மின்கம்பங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். குதிரை வண்டிகளையும் சாலையில் காணலாம். மிதிவண்டியில் செல்வோர் அஞ்ச வேண்டியது ஏற்றத்தையல்ல, மந்தை காக்கும் நாய்களையே! அவை எதிர்ப்பட்டால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அமைதியாக நடந்து போவதே நல்லது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு விவசாயி காலையில் புறப்பட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் அமைந்த ஊர்கள் இவை. ஆதலால்தான் காரில் விரைபவனுக்குப் புலப்படாத இந்நாட்டின் அளவு, மிதிப்பவனுக்கு நன்கு புலப்படுகிறது.

குடியேறிய மக்கள்

ஹங்கேரியை 1141 முதல் 1162 வரை ஆண்ட இரண்டாம் கேசா மன்னர், தம் அரசின் கிழக்கு எல்லையைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் மேற்கிலிருந்து மக்களை அழைத்தார். ரைன், மோசல் நதிக்கரைகளிலிருந்தும் பிளாண்டர்ஸ், லக்சம்பர்க் பகுதிகளிலிருந்தும் அவர்கள் வந்தனர். பல நாட்டவராயினும் ‘சாக்சன்கள்’ என்ற ஒரே பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. 1224-ல் மன்னர் இரண்டாம் அந்திரேயா அளித்த உரிமைப் பட்டயம், தங்கள் பங்குக் குருவைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கியது. அக்காலத்தில் இது அரிய உரிமை எனலாம். ஆலயம் எங்களுடையது என்ற உணர்வு அவர்களிடம் ஆழ வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆலயம் கோட்டையான கதை

1241-ல் மங்கோலியப் படை மலைக் கணவாய்களைக் கடந்து வந்து ஊர்களை அழித்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து துருக்கியரின் படையெடுப்புகள் தொடர்ந்தன. பெரிய நகரங்கள் தம்மைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டன. சிற்றூர்களுக்கு அவ்வளவு வசதியில்லை. ஊரில் கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஆலயம் ஒன்றே. ஆகவே அதையே அரணாக்கினர். மணிக்கோபுரம் காவற்கோபுரமாயிற்று. சில ஊர்களில் பீடத்துக்கு மேலே போர்வீரர் நிற்கும் தளம் எழுந்தது. ஆலயத்தைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று மதில்கள் வளர்ந்தன.

அக்கால ஆபத்து எத்தகையது என்பதற்கு ஒருவருடைய வாழ்க்கை சான்று. 1438-ல் செபேஷ் நகரம் துருக்கியரிடம் சரணடைந்தபோது, அதை ஏற்காத சிலர் ஒரு கோபுரத்துக்குள் புகுந்து போரிட்டனர். பகைவர் கோபுரத்துக்குத் தீ வைத்தனர். உயிர் தப்பியவர்களுள் பதினாறு வயதை எட்டாத மாணவன் ஒருவனும் இருந்தான். அடிமையாக விற்கப்பட்டு, இருபது ஆண்டுகள் துருக்கிய நாட்டில் உழைத்து, 1458-ல் விடுதலை பெற்று, பின்பு சாமிநாதர் சபைத் துறவியானார் அவர். ‘ஹங்கேரியின் ஜார்ஜ்’ என அறியப்படும் இவர் தம் அடிமை வாழ்வைப் பற்றி எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1502-ல் ரோமையில் காலமானார். அந்தக் கோபுரம் ‘மாணவன் கோபுரம்’ என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது.

உள்ளே ஓர் ஊர்

பிராஷோவ் நகருக்கு அருகிலுள்ள பிரெஷ்மெர் ஆலயத்தைச் சுற்றிய மதில் ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுடையது. அதன் உட்புறத்தில் தேன்கூடுபோல் சுமார் 270 அறைகள் அடுக்கடுக்காக உள்ளன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை. பகைவர் வருகிறார் என மணி அடித்ததும் ஊரார் தானியத்தோடும் குழந்தைகளோடும் தத்தம் அறைக்குச் சென்றுவிடுவர். வலேயா வீலோர் ஆலயத்தில் பீடப் பகுதிக்குள்ளேயே கிணறு தோண்டியிருக்கிறார்கள். முற்றுகை நீடித்தாலும் தண்ணீருக்கு வெளியே போகவேண்டியதில்லை அல்லவா!

விஸ்கிரி ஊரின் வெண்மையான ஆலயத்தில் ‘பன்றியிறைச்சிக் கோபுரம்’ ஒன்றுண்டு. உப்பிட்ட இறைச்சியை ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளம் இட்டு அங்கே தொங்கவிட்டிருக்கும். வாரம் ஒருமுறை கோபுரம் திறக்கப்படும்போது தேவையான அளவு அறுத்துச் செல்வர். போர் ஓய்ந்த பின்பும் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

இவையெல்லாம் நடைபெறக் காரணம் ‘அயலகக் கூட்டு’ என்ற அமைப்பு. தெருவாரியாகக் குடும்பங்கள் சேர்ந்து மதிலைச் செப்பனிட்டன, கிணற்றைத் தூர் வாரின, தீயை அணைத்தன, இறந்தோரை அடக்கம் செய்தன. நம் பங்குகளில் இன்று உள்ள அன்பியங்களை இது நினைவூட்டும்.

பியெர்தானின் கோபுரம்

மூன்று மதில் சூழ்ந்த பியெர்தான் ஆலயம் இவற்றுள் பெரும் புகழ் வாய்ந்தது. அதன் திருப்பண்ட அறைக் கதவில் 1515-ஆம் ஆண்டுப் பூட்டு ஒன்றுண்டு. ஒரே சாவியைத் திருப்ப, பத்துக்கும் மேற்பட்ட தாழ்கள் ஒருங்கே இயங்கும். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இது காட்டப்பட்டது. மதிலருகே சிறு அறை ஒன்றும் உள்ளது. பிரிய விரும்பிய தம்பதிகளை ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே கரண்டியுடன் அங்கே தங்க வைத்தனராம். பெரும்பாலோர் சமாதானமாகித் திரும்பினர் என்று ஊரார் சொல்வர்.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் சாக்சன் மக்கள் லுத்தரன் சபையைத் தழுவினர். 1572 முதல் 1867 வரை அச்சபை ஆயரின் இருப்பிடம் பியெர்தானே. எனினும் தேவதாயின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் பழைய பீட ஓவியங்களை அவர்கள் அகற்றவில்லை. அவை இன்றும் அங்கேயே உள்ளன. கத்தோலிக்கராகவே நிலைத்த சில குடும்பங்களுக்கு மதிலிலுள்ள கோபுரம் ஒன்றில் வழிபட இடம் விடப்பட்டது. ‘கத்தோலிக்கக் கோபுரம்’ என்பது அதன் பெயர். பழைய சுவரோவியங்களை அங்கே காணலாம். சமயப் பிரிவினையால் ஐரோப்பா இரத்தம் சிந்திய காலத்தில், ஒரே மதிலுக்குள் இரு சபையாரும் வழிபட்டது நெஞ்சைத் தொடும் செய்தியாகும்.

மதிலை வென்றது எது?

இம்மதில்கள் சிறு படைகளையும் கொள்ளையரையும் பலமுறை தடுத்து நிறுத்தின. ஆனால் ஊர்களை வெறுமையாக்கியது வாளல்ல. 1945 ஜனவரியில் ருமேனியாவின் ஜெர்மானியருள் சுமார் 70,000 பேர் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 17 முதல் 45 வயது வரையிலான ஆண்களும், 18 முதல் 30 வயது வரையிலான பெண்களும் இவ்வாறு பிடிக்கப்பட்டனர். பலர் திரும்பவேயில்லை. பின்னர் சௌசெஸ்கு ஆட்சியில், மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியரை அழைத்துக்கொண்டது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. எல்லை திறந்தது. அடுத்த ஓராண்டில் மட்டும் ஒரு லட்சம் பேருக்குமேல் வெளியேறினர். எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஊரைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பலர்.

ஆளில்லாத ஆலயம் என்னவாகும்? 2016 பிப்ரவரியில், ஒரே வாரத்துக்குள், ராதெல்ன் ஊரிலும் ரோட்பாவ் ஊரிலும் ஆலயக் கோபுரங்கள் இடிந்து விழுந்தன. மங்கோலியரும் துருக்கியரும் வந்துபோன நாட்டில், கவனிப்பாரற்ற மழைநீரே கோபுரத்தைச் சாய்த்துவிடும் என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

மீண்டும் திறக்கும் கதவுகள்

நம்பிக்கையூட்டும் செய்திகளும் உண்டு. 1993-ல் பியெர்தானையும், 1999-ல் மேலும் ஆறு ஊர்களையும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2015-ல் லுத்தரன் சபை இவ்வாலயங்களைக் காக்கவே ஓர் அறக்கட்டளையை நிறுவியது. வட ருமேனியாவின் புத்னாவிலிருந்து தென்மேற்கே தானூப் நதிக்கரை வரை செல்லும் சுமார் 1,400 கிலோமீட்டர் ‘வியா திரான்சில்வானிகா’ பாதை 2022-ல் நிறைவுற்றது. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் குதிரையில் வருவோரும் அதில் பயணம் செய்கின்றனர். கிலோமீட்டருக்கு ஒரு கல் வீதம் சிற்பிகள் செதுக்கிய கற்கள் வழி காட்டுகின்றன. சாஸ்கீஸ், சிகிஷோவாரா, பியெர்தான் ஆகியன அப்பாதையில் உள்ள ஊர்கள்.

பல ஊர்களில் ஆலயச் சாவி இன்று ஒரு பாட்டியிடமோ, சாக்சன் அல்லாத அண்டை வீட்டாரிடமோ உள்ளது. மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவர் கதவைத் தட்டினால், அவர் சாவியோடு வந்து திறந்து காட்டுகிறார். குருமனைகள் சில பயணிகள் தங்கும் இல்லங்களாகியுள்ளன. பயணி தரும் சிறு காணிக்கை கூரை ஓட்டுக்கு உதவுகிறது. மதில் ஒருகாலத்தில் அந்நியரை வெளியே நிறுத்தியது. இன்று அந்த மதிலைக் காக்க அந்நியரின் வருகையே உதவுகிறது.

ஆலயத்தைக் கட்டுவது ஒரு தலைமுறையின் உழைப்பு. அதைக் காப்பது எல்லாத் தலைமுறைகளின் கடமை. எவ்வளவு தடித்த மதிலாயினும், ஞாயிறுதோறும் கதவைத் திறக்க ஒரு கை இல்லாவிடில் அது வெறும் கற்குவியலே. யூபிலி காணும் ஒவ்வொரு பங்கும் தன் சுவர்களை எண்ணிப் பெருமைப்படுவதோடு, அச்சுவர்களுக்குள் கூடும் மக்களையும் எண்ணிப் பார்ப்பது நலம்.