பண்புக் கோப்பு (நிரலாக்கம்)

பண்புக் கோப்பு என்பது ஒரு மென்பொருளுக்குத் தேவையான, ஆனால் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப மாறக்கூடிய மதிப்புகளை நிரலுக்கு வெளியே சேமித்து வைக்கும் உரைக் கோப்பு ஆகும். இதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும், சமக்குறியை அடுத்து அதன் மதிப்பும் இடம்பெறும். பொருள்நோக்கு நிரலாக்க மொழியான ஜாவாவில், இத்தகைய கோப்பைப் படிக்கும் புராப்பர்ட்டீஸ் என்னும் வகுப்பு 1996 இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே உள்ளது.

தேவை

வரி வீதம், தரவுத்தள முகவரி போன்றவை நிரலில் மாறிலிகளாகத் தோன்றினாலும் நடைமுறையில் மாறுபவை. எடுத்துக்காட்டாக, இந்தியாவில் சேவை வரி (கூடுதல் வரிகள் உட்பட) பின்வருமாறு மாறியது:

* 2015 மே 31 வரை: 12.36%
* 2015 சூன் 1 முதல்: 14%
* 2015 நவம்பர் 15 முதல்: 14.5%
* 2016 சூன் 1 முதல்: 15%

வீதத்தை நிரலிலேயே எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். ஜாவாவில், ஸ்டேட்டிக் ஃபைனல் என அறிவித்து நேரடியாக மதிப்பளித்த எண் மாறிலியை, அதனைப் பயன்படுத்தும் பிற வகுப்புகளுக்குள்ளும் தொகுப்பி (கம்பைலர்) பதித்துவிடும். எனவே மாறிலி உள்ள வகுப்பை மட்டும் மீண்டும் தொகுத்தால், பிற வகுப்புகள் பழைய வீதத்திலேயே கணக்கிடும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. விலைச்சீட்டு மட்டும் தவறாக அமையும்.

செயற்படும் முறை

மென்பொருள் தொடங்கும்போது ஒரு வகுப்பு கோப்பைப் படித்து, உரையாக உள்ள மதிப்புகளை எண்களாக மாற்றிச் சரிபார்த்து வைத்துக்கொள்ளும். பிற வகுப்புகள் அதனிடமே மதிப்பைக் கேட்டுப் பெறும். வரி வீதம் போன்ற இன்றியமையாத மதிப்பு கோப்பில் இல்லையெனில், ஏதேனும் ஓர் இயல்பு மதிப்பைக் கொள்வதைவிட இயக்கத்தை நிறுத்திவிடுவதே பாதுகாப்பானது.

தமிழ் எழுத்துகள்

தொடக்கத்தில் இக்கோப்புகள் லத்தீன்-1 குறிமுறையில் மட்டுமே படிக்கப்பட்டன. தமிழின் ஒவ்வோர் ஒருங்குறிக் குறியையும் பின்சாய்வுக்கோடு, யு என்னும் ஆங்கில எழுத்து, நான்கு பதினறும இலக்கங்கள் என ஆறு குறியீடுகளாக எழுத வேண்டியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள திருவரங்குளம் என்னும் ஊர்ப்பெயரில் 13 ஒருங்குறிக் குறிகள் உள்ளன. அதனை எழுத 78 குறியீடுகள் தேவைப்பட்டன. 2006 இல் வெளியான ஜாவா 6, குறிமுறையைக் குறிப்பிட்டுப் படிக்க வழிசெய்தது. 2017 இல் வெளியான ஜாவா 9, மொழிபெயர்ப்புகளுக்கான பண்புக் கோப்புகளை யுடிஎஃப்-8 குறிமுறையிலேயே படிக்கிறது.

வரம்புகள்

மதிப்பு மாறினால் கோப்பைத் திருத்தினால் போதும். விதி மாறினால் நிரலையே திருத்த வேண்டும். 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான சேவைகளுக்கான வீதம் 18% ஆனது. அத்துடன், மாநிலத்திற்குள் நிகழும் விற்பனையில் அது நடுவண் அரசுக்கு 9%, மாநில அரசுக்கு 9% எனப் பிரிந்தது. இப்பிரிவைக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றி நிறைவேற்ற இயலாது. மேலும், பழைய விலைச்சீட்டுகளை மீண்டும் கணக்கிட நேரலாம் என்பதால், வீதத்துடன் அது நடைமுறைக்கு வந்த நாளையும் சேர்த்துச் சேமித்தல் வேண்டும். கடவுச்சொற்களை நிரலுடன் பகிரப்படும் பண்புக் கோப்பில் வைத்தல் கூடாது.