தொக்கு கிண்ட ஒரு பொழுது

கத்தரிக்காய்த் தொக்கு கிண்ட ஒன்றரை மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும். எண்ணெய் பிரியுமுன்னே இறக்கினால் ரெண்டே நாளில் ஊசிப்போகும். காய் எவ்வளவு, புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று சமையல் புத்தகங்கள் அளந்து சொல்கின்றன. அந்த ஒன்றரை மணி நேரம் யாரிடம் இருந்தது என்று சொல்வதில்லை. பழனி மலையில் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரம். அந்தக் குளிருக்குக் கத்தரி சரியா வராது. காய் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மேலே ஏறுகிறது. பூண்டு பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரி, இந்த மலையின் மண்ணைக் கொத்திய கைகள் யாருடையவை? குன்னுவ வேளாளரிடம் புலையர் அடிமைகளாக உழைத்ததை 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நூல் பதிவு செய்திருக்கிறது. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று வெள்ளையர் சட்டம் போட்டது 1843இல். மலைக்காட்டில் நீதிமன்றம் ஏது?

1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மலைச்சாலை முடிந்ததோ 1914இல். அதுவரை கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமாரையும் துரைசானிகளையும் டோலியில் வைத்துத் தூக்கிப் போனது நம்ம சனம்தான். துரைமாருக்கு ஏரியும் பங்களாக்களும் பெயர் சொல்ல இருக்கின்றன. தூக்கினவர்களுக்கு மிஞ்சியது 'கூலி காட்' என்று அந்தப் பாதைக்கு விழுந்த பெயர் மட்டும்.

இதே மலைக்குப் பிறகு வேறொரு சனமும் வந்தது. 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஆடுமாட்டைப் பங்கு பிரித்த மாதிரி பிரித்தார்கள். அந்தச் சனத்தில் பெரும்பாலோர் தலித்துகள். பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் பயந்து கடல் தாண்டியவர்களின் பேரன் பேத்திகள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அவர்களில் கொஞ்சம் பேர் கொடைக்கானல் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்களோடு வந்ததுதான் கத்தரிக்காய் மோஜு. காயை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, எண்ணெயில் சிவக்கப் பொரிக்க வேண்டும். சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தனியாக வதக்கிக்கொள்ள வேண்டும். கடுகை வினாகிரி விட்டு அரைத்து, துளி சீனி சேர்த்து எல்லாத்தையும் ஒன்றாகப் புரட்டினால் மோஜு. நம்ம ஊர்த் தொக்கில் புளி செய்கிற வேலையை அங்கே வினாகிரி செய்கிறது. இரண்டுமே கெடாமல் நிற்கிற பண்டங்கள். எனக்குப் பக்குவம் சொன்ன அக்கா லயத்தில் பிறந்தது. விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடணும், கறி வைக்க நேரமில்லை, முந்தாநாள் மோஜு இருந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும் என்று அது சொல்லும். ருசிக்காகப் பிறந்த பண்டம் என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரம் பறிபோனவர்களுக்கு இது கைகொடுத்த பண்டம்.

கொடைக்கானல் காட்டில் அந்த நேரமும் போனது. முன்பணம் என்று கொஞ்சம் காசைக் கையில் திணித்தார்கள். மரம் வெட்டி, பட்டை உரித்து, காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுக் கிடந்தார்கள். கடன் தீரவில்லை, காட்டை விட்டு வெளியேறவும் விடவில்லை. 1980களில்தான் மனித உரிமை அமைப்புகள் இதை வெளியே கொண்டுவந்தன. கொத்தடிமை முறை 1975 அக்டோபர் 25 முதல் ஒழிந்தது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு தொழிலாளிக்குச் சாயங்காலம் என்று ஒன்று சும்மா கிடைத்துவிடவில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் தொழிற்சாலைகளில் வாரம் 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சட்டசபையில் முன்வைத்தவர், அப்போது தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த அண்ணல் அம்பேத்கர். ஆனால் அது தொழிற்சாலைக்கான சட்டம். காட்டுக்கும் தோட்டத்துக்கும் அந்தச் சாயங்காலம் வரவில்லை. வந்த வீடுகளிலும் ஆம்பளை திண்ணையில் உட்கார்ந்தான், பொம்பளை அடுப்படிக்குப் போனாள். இதையும் நாம்தான் பேச வேண்டும்.

மாணவத் தோழர்கள் சேரிகளிலும் மலைக் குடியிருப்புகளிலும் சமையல் பக்குவம் சேகரிக்கும்போது உப்பு புளி அளவோடு நிறுத்திவிட வேண்டாம். வேலை விட்டு எத்தனை மணிக்கு வந்தீர்கள், மறுநாள் எத்தனை மணிக்குப் போனீர்கள், அடுப்பு யார் பொறுப்பு என்றும் கேட்டு எழுதுங்கள். கிழவிகள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.